பொரிப்பகம் இருக்கிறது என்பதற்காக விளக்கைப் போடாதீர்கள்

எங்கள் கடற்கரையில் விளக்கைப் போடவும் அணைக்கவும் அதிகாரம் உள்ளவர்களுக்கு,

மணல் பக்கம் முகத்தைத் திருப்பி நீங்கள் நட்டிருக்கும் மூன்று ஹைமாஸ் விளக்குகளைப் பற்றி எங்கள் குப்பத்திலிருந்து மனு கொடுத்திருந்தோம். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. கடலாமை முட்டைகள் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டைகளைக் கொண்டுவந்து புதைத்துக் காவல் காக்கும் தட்டி வேலிக்குள், மாற்றப்பட்டுவிடுவதால் விளக்குகளால் பாதிப்பு ஏதும் இல்லையாம். அந்தப் பதில் வந்த அதே வாரம், இன்னும் இரண்டு கம்பங்களுக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்தில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். அண்ணன் ஃபைபர் படகில் போகிறார். தை பிறந்தால் ராத்திரியில் ஆமைத் தடம் தேடி மணலில் நடக்கிற பிள்ளைகளோடு நானும் நடப்பேன். சித்திரை வரைக்கும் அது ஓடும். கல்லூரிப் பிள்ளைகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், எங்கள் குப்பத்துப் பையன்கள் என்று பலரும் வருவார்கள். உங்கள் பதிலை எழுதியவர் ஒரு தடவையாவது நடுராத்திரிக்கு மேல் இந்த மணலில் நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

முதலில் பொரிப்பகத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தானே காரணமாகக் காட்டுகிறீர்கள். சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் கடலாமை பங்குனி ஆமை. அதன் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பது 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணைக்காரர்கள் ஆரம்பித்து வைத்தது. 1988-லிருந்து மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து அதைச் செய்துவருகிறார்கள். வனத்துறையும் பல இடங்களில் பொரிப்பகம் நடத்துகிறது. முட்டையைத் தோண்டி எடுத்து இன்னொரு இடத்தில் புதைக்க வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது. முட்டை எடுத்து விற்றார்கள், நாய் தோண்டியது, ஊர் வளர்ந்து கரையெல்லாம் வெளிச்சமானது. வேறு வழியில்லாமல்தான் மூங்கில் தட்டி கட்டி முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக யாரும் சாலையில் பள்ளம் வெட்டுவதில்லை. நீங்கள் வெட்டுகிறீர்கள்.

அந்தத் தட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆமை இட்ட முட்டையைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நேரம் கடந்துவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை லேசாகப் புரண்டால்கூடக் கரு செத்துவிடும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். எந்த முட்டை எப்படிக் கிடந்ததோ அப்படியே பையில் அடுக்க வேண்டும். தாய் தோண்டியதைப் போலவே ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி தோண்டி வைக்க வேண்டும். மணலின் சூடு சுமார் 29 டிகிரிக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் அதிகமாகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகமாகும். கரை நெடுக, அலைக்குப் பக்கத்தில் கொஞ்சம், மேட்டில் கொஞ்சம் என்று பரவிக் கிடக்க வேண்டிய குழிகளை ஒரே சதுரத்துக்குள் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சூடுதான். சித்திரை வெயிலில் அந்தப் பிள்ளைகள் மேலே துணி கட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் சம்பளமில்லாத வேலை. இதைக் காட்டித்தான் பாதிப்பு இல்லை என்று கோப்பை மூடுகிறீர்கள்.

சரி, எல்லா முட்டையும் பொரிப்பகத்துக்கு வந்துவிடுகிறதா? வருவதில்லை. தடத்தைப் பார்த்துத்தான் குழியைக் கண்டுபிடிக்கிறோம். தண்ணீரிலிருந்து ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவில் மணல் கலைந்த இடம். ஆமை உடம்பை இடமும் வலமுமாகப் போட்டு மணலைத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் போகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் அந்த இடத்துக்குப் போவதற்குள் அலை ஏறித் தடத்தை அழித்துவிடும். இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் குப்பை அள்ளும் டிராக்டர் அதன் மேலேயே போயிருக்கும். காற்று அடிக்கிற ராத்திரி என்றால் அரை மணி நேரத்தில் தடம் மூடிவிடும். இப்படித் தப்பிப் போன குழிகள் எங்கே என்று அவை பொரியும் அன்றைக்குத்தான் தெரியும்.

போன வாரம் அப்படி ஒரு குழி உங்கள் இரண்டாவது கம்பத்துக்கு வடக்கே பொரிந்தது. விடிவதற்கு முன்னால் மீன் எடுக்கப் போன பெண்கள்தான் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். குழியிலிருந்து கிளம்பிய சின்னச் சின்னத் தடங்களில் ஒன்றுகூடக் கடல் பக்கம் போகவில்லை. எல்லாம் மேற்கே, நேராக உங்கள் கம்பத்துக்குப் போயிருந்தன. கம்பத்தின் சிமென்ட் மேடையைச் சுற்றிச் சுற்றி ஊர்ந்ததில் அங்கே மணல் முழுக்கக் கோடாகக் கிடந்தது. சில குஞ்சுகள் அதையும் தாண்டி நடைபாதையில் ஏறிச் சாலைக்குப் போய்விட்டன. நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் பின்சக்கரத்துக்கு அடியில் நாலு குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன, கண்ணில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. மழைநீர் வடிகாலின் மூடி விரிசலில் ஒன்று சிக்கியிருந்தது. இன்னும் உயிர் இருந்தவற்றை ஈர மணல் போட்ட வாளியில் எடுத்து, துணி மூடி, நிழலில் வைத்தோம். இருட்டிய பிறகு உங்கள் விளக்கு படாத இடமாகப் பார்த்து வெகுதூரம் தெற்கே நடந்துபோய் விட்டோம். அலை வரைக்கும் போக எத்தனைக்குத் தெம்பு இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலைப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன்.

அவை ஏன் கம்பத்துக்குப் போகின்றன என்பது பெரிய ரகசியம் கிடையாது. குஞ்சு பெரும்பாலும் ராத்திரியில்தான் மணலைவிட்டு வெளியே வரும். தாழ்வாக, வெளிச்சமாகத் தெரியும் பக்கம் போ என்பது அதன் உடம்பிலேயே இருக்கிறது. மேற்கே மரமும் மணல்மேடும் கறுப்பாக நிற்கும், கிழக்கே தண்ணீர் வானத்தின் வெளிச்சத்தை வாங்கித் தரும். கோடிக்கணக்கான வருடங்களாகக் கடல் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. நீங்கள் மேற்கே ஒரு விளக்கை ஏற்றியதும் அதற்குக் கடல் இடம் மாறிவிட்டது. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருதான் முதல் சில நாட்கள் கடலில் நீந்துவதற்கான அதன் கட்டுச்சோறு. சாலையில் ஊர்ந்தே அதைத் தீர்த்துவிட்டால், நாம் கடலில் கொண்டுபோய் விட்டாலும் எவ்வளவு தூரம் போகும்?

பொரிப்பகத்துக் குஞ்சுகளும் தப்புவதில்லை. அவற்றைக் கரையில் விடும்போது அலை தொட்டதும் உள்ளே போய்விடும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் விளக்கு வந்ததிலிருந்து, அலை திருப்பித் தள்ளிய குஞ்சுகளில் சில கரைப் பக்கமாகவே திரும்பி ஊர்கின்றன. பிள்ளைகள் வரிசையாக நின்று உடம்பால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அவற்றைக் கடலுக்குத் திருப்புகிறார்கள். அரசாங்கம் போட்ட விளக்குக்கு இருபது வயதுப் பிள்ளைகள் முதுகைக் காட்டித் திரை பிடிக்கிறார்கள்.

அப்புறம் தாய் ஆமை. உங்கள் பதிலில் அது இல்லவே இல்லை. முட்டையை மாற்றலாம், தாயை எந்தப் பொரிப்பகத்துக்கு மாற்றுவீர்கள்? நாற்பது கிலோ கனமுள்ள உடம்பைத் துடுப்புக் காலால் இழுத்துக்கொண்டு மணலில் ஏறுவதே அதற்குப் பெரிய பாடு. விளக்குக்கு நேரே இப்போது நாங்கள் பார்ப்பது பாதித் தடங்கள். ஈர மணல் முடியும் இடம்வரை ஏறி, அங்கேயே வளைந்து, திரும்பிப் போன தடம். குழியும் இல்லை, முட்டையும் இல்லை. அது எங்கே போய் இட்டது, இட்டதா இல்லையா, யாருக்குத் தெரியும். போன பருவம் வரைக்கும் அதே இடத்தில் குழி எடுத்திருக்கிறோம்.

உங்களில் பொறியாளர்கள் இருப்பீர்கள், அவர்களுக்காக ஒன்று. இங்கே முன்பும் விளக்கு இருந்தது, தெருவிளக்கு உயரத்தில், மஞ்சள் சோடியம் விளக்கு. அதுவும் நல்லதில்லைதான். ஆனால் குஞ்சுகளை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அவை அவ்வளவாகப் போவதில்லை. நீங்கள் போட்டிருக்கும் வெள்ளை எல்இடியில் நீலம் நிறைய. அதைத் தென்னை மரத்துக்கு மேலே தூக்கி, மூடி எதுவும் இல்லாமல், தண்ணீர் பக்கமாகவே திருப்பிவிட்டிருக்கிறீர்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வாங்கிய விளக்கு கடலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் போட்டோம் என்று நேரில் வந்தபோது உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், நானும் அப்படியே பதில் சொல்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வருகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் எங்கே வேண்டும்? குப்பத்துச் சந்திலிருந்து மணல் தொடங்கும் வரை உள்ள பாதையில் வேண்டும், ஏலம் போடும் இடத்தில் வேண்டும், கழிவறை வாசலில் வேண்டும். அந்தச் சந்தில் இரண்டு விளக்கு வருடக்கணக்காக எரியவில்லை. ஆளே இல்லாத மணலுக்கு ஹைமாஸ், ஆள் நடக்கிற சந்துக்கு இருட்டு, இது எந்த வகைப் பாதுகாப்பு? கரைக்கு வரும் படகுக்கும் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, அலை எங்கே உடைகிறது என்று தெரியவில்லை என்று அண்ணன் சொல்கிறார். இதைக் கம்பம் நடுவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம்.

இன்னொரு பதிலும் வரும் என்று தெரியும். ஆமைகளைக் கொல்வது விசைப்படகுகளின் இழுவலைதான், எங்கள் விளக்கு என்ன பெரிதாகச் செய்துவிட்டது என்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாடே பார்த்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது. கழுத்து வீங்கி, கண் வெளியே தள்ளிக் கிடந்த ஆமைகளை எங்கள் கரையிலும் புதைத்தோம். வலைக்குள் மாட்டி மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்தவை. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை இழுக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடித்தால் இதில் பெரும்பகுதி நடக்காது. ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியை வலையில் வைக்கச் சொல்லியும் எத்தனையோ வருடம் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது, அதற்குள் பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்தே விடுகின்றன. இதையெல்லாம் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், எங்கள் சொந்தக்காரர்களே விசைப்படகில் போனாலும் கேட்கிறோம். ஆனால் கடலில் அவ்வளவு சாகிறது என்றால், மிச்சம் பிழைத்துக் கரையேறி வருகிற ஒவ்வொரு ஆமையும் இன்னும் முக்கியமாகிறது. ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதாகி வந்தால் பெரிய விஷயம் என்பார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். கடலில் நடப்பதைக் காட்டிக் கரையில் நடப்பதற்கு விலக்குக் கேட்காதீர்கள். விசைப்படகை நிறுத்த ரோந்துப் படகு வேண்டும், வழக்கு வேண்டும். விளக்கை அணைக்க ஒரு ஆள் போதும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் பங்குனி ஆமை முதல் பட்டியலில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். ஆமை முட்டையிடும் இடங்களைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மிகக் கண்டிப்பான முதல் வகையில் வைத்திருக்கிறது. கம்பம் நடுவதற்கு முன் அந்த அறிவிக்கைப்படி அனுமதி வாங்கினீர்களா, வனத்துறையின் கருத்தைக் கேட்டீர்களா என்று எங்கள் மனுவில் கேட்டிருந்தோம். அந்த ஒரு வரிப் பதிலில் இதற்கு இடமே இல்லை.

செய்ய முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒடிசாவில் ஆமைகள் லட்சக்கணக்கில் கூடும் கரைக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது. ஏவுகணை சோதனை நடக்கும் அந்தத் தீவுக்கு நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆமைகள் வரும் மாதங்களில், ஜனவரி முதல் மார்ச் வரை, அங்கே ஏவுகணை சோதனையையே நிறுத்திவைக்க முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக் கடற்கரை ஊர்களில் ஆமைப் பருவத்தில் கடலுக்குத் தெரியும்படி விளக்கு போடக் கூடாது என்று உள்ளூர்ச் சட்டமே உண்டு, ஓட்டல்களும் வீடுகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன. ஏவுகணை காத்திருக்கும்போது மூன்று ஹைமாஸ் காத்திருக்க முடியாதா?

ஆகவே கேட்கிறோம். இந்த மூன்று விளக்குகளையும் இன்று ராத்திரியிலிருந்தே அணையுங்கள். இப்போது பங்குனி, மணலுக்குள் எத்தனை குழிகள் பொரியக் காத்திருக்கின்றன என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, பிறகு அணைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அவை வெளியே வந்துவிடும். புதிய இரண்டு கம்பங்களுக்கான வேலையை நிறுத்தி, தோண்டிய குழிகளை இந்த வாரமே மூடுங்கள். திறந்து கிடக்கும் அந்தக் குழிக்குள் குஞ்சு விழுந்தால் ஏறி வர முடியாது.

மே மாதம் முடிந்த பிறகு இந்தக் கம்பங்களை எடுத்துவிட்டு, நடைபாதையின் ஊர்ப் பக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத, கீழ்ப்பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி மூடி போட்ட, மஞ்சளும் சிவப்பும் கலந்த நிற விளக்குகளை வையுங்கள். எங்கே வைப்பது என்பதை எங்கள் குப்பத்துப் பெண்களையும், ராத்திரி நடக்கும் பிள்ளைகளையும், வனத்துறையையும் கூட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் சந்தில் எரியாத இரண்டு விளக்குகளை முதலில் எரிய வையுங்கள். ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் மே வரை ராத்திரி பத்து மணியிலிருந்து விடிகாலை வரை கடலுக்குத் தெரியும் எந்த விளக்கும் எரியக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அது உங்கள் விளக்குக்கு மட்டும் போதாது. கரையோர பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் மதில் மேல் வைத்திருக்கும் ஃபோகஸ் லைட்டுகளுக்கும், மணலில் கடை போட்டிருப்பவர்களின் டியூப்லைட்டுக்கும் சேர்த்தே போடுங்கள். கடைக்காரர்களிடம் அபராதச் சீட்டோடு போகாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தான், கூப்பிட்டுச் சொன்னால் கேட்பார்கள். பங்களாக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுங்கள். அந்த மாதங்களில் குப்பை அள்ளும் டிராக்டர் விடிந்து, தடம் பார்த்து முடித்த பிறகு மட்டும் மணலில் இறங்கட்டும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலை எங்களுக்குக் கொடுங்கள். வாங்கவில்லை என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள், அதை எடுத்துக்கொண்டு அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே போவோம்.

நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்போம் என்றால், வாருங்கள். பகலில் வராதீர்கள், பகலில் வந்தால் கம்பமும் மணலும்தான் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், விளக்கு எரியும்போது வாருங்கள். வருவதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், நாங்கள் கூட நடந்து காட்டுகிறோம். எப்படியிருந்தாலும் இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும், இந்தத் தடவை ஒரு வரிக்கு மேல்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் வாழும் மீனவக் குடும்பத்துப் பெண்